ஒரு பழைய ஆல்டோ, ஓட்ட நாலு பேர்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 2009 மாடல் மாருதி ஆல்டோ வைத்திருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மாதம் ஒருமுறை மாமியாரைக் கண் சிகிச்சைக்குச் சேலம் கூட்டிப்போவதும் நான்தான். கொழுந்தனாரும் அவர் கூட்டாளியும் அவ்வப்போது வண்டியை எடுத்துப்போவார்கள். சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் சூடு முள் மேலே போகிறது. ஒருமுறை நடுவழியில் நின்றேவிட்டது. புதுக் கார் வாங்க வசதியில்லை. இதை வைத்துச் சமாளிக்கலாமா, விற்றுவிடலாமா?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மூன்றிலும் பாதிக் காரணம் வண்டியில் இருக்கிறது. மீதி, வீட்டில் வண்டி புழங்கும் விதத்தில்.

முதலில் சூடு. இன்ஜினைக் கெடுக்கக்கூடியது இதுதான். ஏற்றத்தில் மட்டும் முள் ஏறி, சமதளத்தில் இறங்கிவிடுகிறதா? அப்படியானால், இன்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு இருக்கலாம். ஓடும்போது சரியாக இருந்து, சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது ஏறினால் ஃபேன் சுற்றவில்லை என்று பொருள். அதற்கு ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தாலே போதும். நீங்கள் சொல்வது முதல் வகை. ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? பெரும்பாலும் வீட்டு போர் தண்ணீராகத்தான் இருக்கும். நம் தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குடிக்க நல்லது. நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான் அந்தத் திட்டமே வந்தது. ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அடைப்பு மோசமாக இருந்தால் மாற்றிவிடலாம். பிறகு, தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றும் கூலன்ட் (ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவம்) வாங்குங்கள். கலக்கும் வகை என்றால், பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி. ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் காய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. சில மெக்கானிக்குகள், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு “இனி சூடாகாது” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் குடிக்கும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். மாமியார் திட்டுவார், பரவாயில்லை. இன்ஜின் சூடு கொஞ்சம் உள்பக்கமாக வெளியேறும். அப்படியும் இறங்கவில்லை என்றால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் யாரும் தொடக்கூடாது.

போகும்போது அதே தொப்பூர் இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வண்டி இன்ஜெக்‌ஷன் வண்டி. பெட்ரோலை அளந்து தெளிப்பது அதிலுள்ள கம்ப்யூட்டர்தான். கியரில், ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது அது தானாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்துதான் மிச்சம். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கினால் பிரேக் மிதியே கல் மாதிரி ஆகிவிடும். கொழுந்தனாரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத நாளில் சாவியைத் திருப்பும்போது காது கொடுங்கள். “டிக் டிக்” மட்டும் கேட்டால் பேட்டரிப் பக்கம். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது பிளக் பக்கம். பேட்டரி என்றதும் புதிதாக வாங்க ஓடவேண்டாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்துப் பலபேரை ஏமாற்றியிருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் குற்றவாளி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால் பிள்ளைகளைப் பாருங்கள். அவசரத்தில் பின்கதவைப் பாதி சாத்திவிட்டு ஓடினால் உள்விளக்கு ராத்திரி முழுக்க எரியும். போதாததற்கு, பள்ளிவரை மட்டும் போய்த் திரும்பும் குட்டி ஓட்டத்தில், ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜே திரும்ப ஏறாது. வாரம் ஒருநாள் தர்மபுரி வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

நடுவழியில் நின்றதற்கு என் சந்தேகம் பெட்ரோல் பம்ப் மேல். அது டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. எடுத்துப்போகிறவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய்க்கு அடித்து, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகித் தேயும். அடியில் தங்கிய கசடையும் இழுக்கும். அடுத்தமுறை நின்றால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி “ம்ம்” என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். கால் டேங்குக்குக் கீழே இறக்குவதில்லை என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

டயர், பிரேக், வைப்பர் எல்லாம் நீங்களே அறிவீர்கள். சேலம் போகுமுன் காற்று பார்த்தால் போதும்.

வண்டிக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் வேண்டும். நாலு பேர் ஓட்டலாம், கவனிப்பது ஒருவராக இருக்கட்டும். மூத்த பிள்ளை எட்டு, ஒன்பது படிக்கிறது என்றால் அதனிடமே ஒரு நோட்டைக் கொடுங்கள். ஞாயிறு காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் அளவும் ஆயில் குச்சியும் பார்த்து எழுதட்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதில் கறார். மெக்கானிக்கும் ஒருவரே போதும். ஆளை மாற்ற மாற்ற ஆளுக்கொரு பாகத்தை மாற்றுவார்கள்.

மாமியாரின் கண் சிகிச்சை நாள் தவறக்கூடாதது. ரேடியேட்டர் வேலை முடியும்வரை அதற்கு பஸ் அல்லது வாடகை வண்டிதான். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அதன் உதவி எண் 1033-க்கு அழையுங்கள்.

எப்போது விற்பது? கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, புகை நீலமாக விடாமல் வந்தாலோ, அடிச்சட்டம் துருவேறி உதிர்ந்தாலோ செலவு செய்யாதீர்கள், கொடுத்துவிடுங்கள். 2009 வண்டிக்கு 2024-லேயே ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டு முடிந்திருக்கும். புதுப்பிக்காவிட்டால் அதை முதலில் முடியுங்கள். கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. வண்டியைச் சோதனைக்குக் காட்டவேண்டும். தாமதத்துக்கு மாதாமாதம் அபராதமும் ஏறும். இன்சூரன்ஸும் உயிரோடு இருக்கட்டும். கொழுந்தனாரின் கூட்டாளிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இல்லாதவர் ஓட்டி விபத்தானால், கொடுத்த இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடமே வசூலிக்க முடியும். சாவி தர மறுக்க உங்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.