கழுத்தைக் கட்டலாம், முதுகைக் கட்ட முடியாது: குதிரைப் பயிற்சிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வார்களையும் கடிவாளங்களையும் பற்றியவை. எதைக் கட்டினால் குதிரை சீக்கிரம் படியும் என்பதே பலருடைய கவலை. நிதானமாகப் பார்ப்போம்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆறு வயதுக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன். டிராட்டில் (நடையைவிட வேகமான சீரான ஓட்டத்தில்) தலையை வானத்துக்குத் தூக்குகிறது. டிரா ரெயின் போட்டால் ஒரே வாரத்தில் தலை இறங்கிவிடும் என்கிறார்கள். போடலாமா? (கோயம்புத்தூர்)

ஒரு வாரம்கூட வேண்டாம், முதல் நாளே இறங்கிவிடும். என் பயமே அதுதான்.

டிரா ரெயின் வயிற்றுப் பட்டியில் தொடங்கி, கடிவாளத்தின் (வாய்க்குள் இருக்கும் கம்பியின்) வளையத்துக்குள் நுழைந்து, உங்கள் கைக்குத் திரும்பி வரும் நீண்ட வார். சுமையோடு சேர்ந்து நகரும் கப்பியைப் போல அது வேலை செய்கிறது. நீங்கள் இழுக்கும் விசை வாயில் ஏறக்குறைய இரண்டு மடங்காக விழுகிறது. குதிரை தாங்க முடியாமல் மூக்கை உள்ளே மடிக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகான வளைவு. அருகில் போய் வளைவு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். காதுகளுக்குப் பின்னுள்ள உச்சி வளைந்திருக்காது; அதற்கும் கீழே, கழுத்தின் நடுவில் ஒடிந்தாற்போல மடிந்திருக்கும். முதுகு முன்போலவே தொங்கும். பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வராமல் பின்னாலேயே இழுபடும். வாரைக் கழற்றிய மறுநாள் தலை பழைய இடத்துக்கே போய்விடும்.

உங்கள் குதிரையின் பக்கமிருந்து யோசியுங்கள். லகான் இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்றுதான் அது இத்தனை காலம் படித்திருக்கிறது. கழுத்தின் அடிப்பக்கத் தசை தடித்திருக்கும், மேல்பக்கத் தசை மெலிந்திருக்கும். பழைய பாடத்தை மறந்து, புதிய தசையும் வளர்வதற்கு மாதங்கள் ஆகும்.

அதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். பற்களின் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கின்றனவா, கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சிறு உபரிப் பல் முளைத்திருக்கிறதா, முதுகெலும்பை அழுத்தினால் குதிரை சுருங்குகிறதா, சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பந்தயக் குதிரைகளிடம் வயிற்றுப் புண் மிகச் சாதாரணம், அதையும் கேளுங்கள். வலியால் தலையைத் தூக்கும் குதிரையின் தலையைக் கட்டுவது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

எல்லாம் சரியென்றால் 20 மீட்டர் வட்டத்தில் நடை, டிராட், மறுபடி நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உள்பக்கக் காலால் வயிற்றைத் தொட்டு, வெளிப்பக்க லகானை மென்மையாகப் பிடித்திருங்கள். தலை ஒரு சாண் இறங்கினால் அந்தக் கணமே கையைத் தளர்த்துங்கள். விடுகிற அந்தக் கணத்தில்தான் குதிரை கற்கிறது. ஜெர்மானியப் பயிற்சி முறையில் ஆறு படிகள் உண்டு: தாளம், உடல் தளர்வு, வாயோடு தொடர்பு, உந்துதல், நேராதல், ஒருங்கிணைவு. தலையின் நிலை மூன்றாவது படியில்தான் பேச்சுக்கே வருகிறது. முதல் இரண்டையும் தாண்டிக் குதிக்க எந்த வாராலும் முடியாது.

இன்னொரு செய்தி. இந்த வாரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு வில்லியம் கேவென்டிஷைக் குறிப்பிடுவார்கள். அவர் அதை மாட்டியது மூக்குப் பட்டையின் வளையத்தில். நாம்தான் வாயில் மாட்டுகிறோம்.

கேள்வி: லஞ்ச் செய்யும்போது (நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையைச் சுற்றி ஓடவிடும்போது) சைடு ரெயினை (வயிற்றுப் பட்டியிலிருந்து கடிவாளத்துக்கு இரு பக்கமும் கட்டும் வாரை) எத்தனை இறுக்கமாகக் கட்ட வேண்டும்? எவ்வளவு நேரம் விடலாம்? (ஓசூர்)

இறுக்கம் என்ற சொல்லையே முதலில் விட்டுவிடுங்கள். குதிரை இயல்பாக நிற்கும்போது நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். அந்தக் கோடு நிலத்துக்குச் செங்குத்தாகும் நிலைக்கு முன்னால் மூக்கு ஒரு கையகலமாவது நீட்டியிருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே நீளம்.

என் தொடக்க ஆண்டுகளில், நான்கு வயதுப் பெண் குதிரை ஒன்றுக்கு லாயத்திலேயே சைடு ரெயினைக் குட்டையாக மாட்டி, மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். வாசலில் அது எதையோ பார்த்து மிரண்டு தலையைத் தூக்க முயன்றது. தூக்க இடமில்லை. பின்னங்காலில் எழுந்து, அப்படியே மல்லாந்து விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் வாயில் எதைத் தொட்டாலும் நடுங்கும் குதிரையாக அது ஓர் ஆண்டு இருந்தது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, மைதானத்துக்குப் போகும்வரை வாரை மாட்டாதீர்கள். முதல் பத்து நிமிடம் வாரில்லாமல் சுற்றட்டும். பிறகு மாட்டி, முன்னோக்கி நகரச் சொல்லுங்கள். நடையின்போது குதிரை ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டும். கட்டிய வார் அந்த ஆட்டத்தைத் தடுக்கும். எனவே டிராட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, நடைக்கு வந்ததும் கழற்றுங்கள். வட்டம் 20 மீட்டருக்குக் குறைய வேண்டாம். இரு பக்கச் சுற்றும் சேர்த்து மொத்தம் 20 நிமிடம் போதும். வட்டத்தில் ஓடுவது மூட்டுகளுக்குக் கடினமான வேலை. லஞ்ச் கயிற்றைக் கடிவாளத்தில் கட்டாமல் மூக்குப் பட்டையில் கட்டுங்கள். ரப்பர் வளையம் வைத்த வார் மென்மையானது என்று கடைக்காரர் சொல்வார். பல குதிரைகள் அந்த ரப்பரை இழுத்துத் தொங்கப் பழகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எளிய தோல் வாரே எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: தாண்டும் பயிற்சிக்கு எந்த மார்டிங்கேல் (குதிரை தலையை அளவுக்கு மீறித் தூக்காமல் தடுக்கும் வார்)? (சென்னை)

லகான் வளையத்துக்குள் ஓடும் ரன்னிங் மார்டிங்கேல். மூக்குப் பட்டையோடு நிலையாகக் கட்டும் வகை, தடையின்மேல் குதிரை கழுத்தை நீட்ட வேண்டிய நேரத்தில் பிடித்துக்கொள்ளும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தாண்டும் போட்டிகளில் அதற்கு அனுமதியும் இல்லை. லகானில் ரப்பர் தடுப்புகளை மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் வளையம் நழுவிப் போய்க் கடிவாளத்தில் சிக்கும்.

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய மார்வாரிக் குதிரை, முள் கடிவாளத்தோடு வந்தது. கழற்றினால் அடங்காது என்று விற்றவர் எச்சரித்தார். என்ன செய்வது? (ஈரோடு)

இன்றே கழற்றுங்கள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் குதிரைக்குப் பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளம் படுவது அங்கேதான். எலும்பின்மேல் மெல்லிய சதை, அவ்வளவே. முள் அங்கே குத்திப் புண்ணாகி, ஆறித் தழும்பேறி, மறுபடி குத்துப்படும். குதிரைக்கு "வாய் கெட்டி" என்று பேராகிவிடும். இன்னும் கூரான முள் வரும். சட்டப்படியும் அது குற்றம்: 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கோலையும் கடிவாளத்தையும் தடை செய்கின்றன.

விற்றவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. கடிவாளத்தை மாற்றிய அன்றே ஏறிச் சாலையில் போனால் ஆபத்து. அந்தக் குதிரைக்கு நிற்கத் தெரியாது, வலிக்குப் பயப்பட மட்டும் தெரியும். புண் முழுவதும் ஆறும்வரை வாயில் எதுவும் வேண்டாம். அந்த நாட்களில் தலைக்கயிற்றோடு தரையில் நின்று பழக்குங்கள்: நில், பின்னால் போ, இடம் கொடு. குரலுக்கு நிற்பது பழகிய பிறகு, நடுவில் இணைப்புள்ள வழவழப்பான ஸ்நாஃபிள் கடிவாளத்தைப் போட்டு, வேலியிட்ட இடத்தில் ஏறுங்கள். தடிமனான கம்பிதான் மென்மை என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சிறிய வாய்க்கு அது நாக்கை நசுக்கும். வாயின் அகலத்தை அளந்து வாங்குங்கள். தலையை உயர்த்திப் பிடிப்பது மார்வாரியின் உடலமைப்பு. ஐரோப்பியக் குதிரையின் படத்தைப் பார்த்து அதைக் கீழே இழுக்க வேண்டாம்.

கேள்வி: காணொளிகளில் குதிரையின் தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்கு வளைத்துப் பழக்குகிறார்கள். உயர்நிலைப் பயிற்சி என்றால் அப்படித்தானா? (திருச்சி)

இல்லை. அந்த நிலையில் தொண்டை ஒடுங்கி மூச்சு தடைப்படும், முன்னால் இருப்பதும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2010இல் சர்வதேசக் கூட்டமைப்பே, பலவந்தமாகக் கழுத்தை அளவுக்கு மீறி மடிப்பதை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. பதக்கம் வாங்கியவர் செய்தாலும் அது தவறுதான்.

கேள்வி: மூக்குப் பட்டை எவ்வளவு இறுகலாம்? (புதுச்சேரி)

மூக்கெலும்பின்மேல், நடுவில், பெரியவர்களின் இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் சதை இருப்பதால் அங்கே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். குதிரை வாயைத் திறக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள்; பட்டையை இறுக்கினால் வாய் மூடும், கேள்வி அப்படியே இருக்கும்.

கேள்வி: என் 12 வயது மகள் குதிரையேற்றம் கற்கிறாள். பயிற்சியாளர் சாட்டை கொடுத்திருக்கிறார். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. (மதுரை)

சாட்டை காலின் நீட்சி. கால் சொன்னது கேட்காதபோது, காலுக்குச் சற்றுப் பின்னால் ஒருமுறை தொட்டு நினைவூட்டுவதற்கு. தண்டிக்க அல்ல, கோபம் வந்த பிறகு அல்லவே அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களைத் திரும்பத் திரும்ப அடித்த காணொளியால் பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்தே விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது. உங்கள் மகளின் இருக்கை நிலைக்கும்வரை, கை ஆடாமல் நிற்கும்வரை, சாட்டை வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். குதிமுள்ளும் அப்படியே.

கேள்வி: ஒரே ஒரு பயிற்சிக் கருவிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவீர்கள்? (தஞ்சாவூர்)

சவுக்கு மரக் கட்டை. கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடைக்கும், பத்தடி நீளத்தில் நான்கு போதும். தரையில் கிடக்கும் கட்டையைக் கடக்கக் குதிரை தானாகவே தலையைத் தாழ்த்திப் பார்க்கும், கால்களை உயர்த்தும், முதுகைத் தூக்கும். யாரும் எதையும் இழுக்க வேண்டியதில்லை. நடைக்கு இடைவெளி இரண்டரை முதல் மூன்று அடி, டிராட்டுக்கு நான்கு முதல் நாலரை அடி. குட்டையான குதிரைக்கு இன்னும் குறையும். குளம்பு இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். முதலில் ஒரே கட்டை, பிறகு நேராக மூன்று. இரண்டாக வைத்தால் பல குதிரைகள் இரண்டையும் சேர்த்துத் தாண்டிவிடும். உருண்டையான கட்டை குளம்பு பட்டால் உருளும், கணு சுளுக்கிக்கொள்ளும். இரு முனைகளிலும் மணல் மூட்டையை அணை வையுங்கள்.