பொழுதுபோக்குத் தச்சர்கள் சேர்ந்து எழுதும் பொதுக் குறிப்பேட்டில் எதைப் பதிய வேண்டும்?

பொதுக் குறிப்பேடு என்பது, ஒரே வேலையைச் செய்யும் பலர் தாங்கள் செய்து பார்த்ததை ஓரிடத்தில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் ஏடு.

தச்சுவேலையில் அளவை மட்டும் எழுதினால் போதாது. காரணம், வெட்டி உலர்த்திய பிறகும் மரம் அசைந்துகொண்டே இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. கோடையில் கச்சிதமாகப் பொருந்திய இழுப்பறை, சென்னையின் நவம்பர் மழையில் திறக்க மறுப்பது இதனால்தான். எனவே ‘2 மி.மீ. இடைவெளி விடுக’ என்ற குறிப்போடு என்ன மரம், பலகை எவ்வளவு அகலம், எந்த ஊர், எந்த மாதம் என்பதும் வேண்டும். தோசை மாவும் இப்படித்தானே? சித்திரையில் புளிக்கும் நேரம் மார்கழிக்குப் போதுமா?

தோல்விகளையும் எழுதச் சொல்லுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. இழைத்த கையோடு ஒட்டாவிட்டால் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம். எனக்கு இது ஒரு கால் கழன்ற முக்காலியால்தான் தெரிந்தது!

வார்னிஷ் பூசிவிட்டால் மரம் அசையாது, ஊரும் மாதமும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வார்னிஷ் ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.