போரடித்தலும் போரடிப்பதும்

கேள்வி: நெற்களத்தில் மாடுகளை ஓயாமல் சுற்றவிட்டுப் போரடிப்பது அலுப்பான வேலை என்பதால்தான், பொழுது போகாதபோது ‘போரடிக்கிறது’ என்கிறோம் என்று நண்பர் சொல்கிறார். சரிதானா? அச்சொல்லை எழுத்தில் பயன்படுத்தலாமா?

பதில்: நண்பரின் விளக்கம் கேட்பதற்கு அழகாக இருந்தாலும் சரியானதன்று. களத்துப் ‘போர்’ வைக்கோற்போரில் உள்ள அதே சொல். குவியல் என்று பொருள். கதிரடித்த பிறகும் தாளில் ஒட்டியிருக்கும் மணிகள் உதிரும்படி, பிணைத்த மாடுகளை அதன்மேல் மிதிக்கவிடுவதே போரடித்தல்; ஈழத்தில் இதைச் சூடு மிதித்தல் என்பர். மாடு கட்டிப் போரடித்தால் மாளாது என்று யானை கட்டிப் போரடித்த மதுரையைப் புகழும் பாட்டில் விளைச்சலின் பெருமிதம்தான் ஒலிக்கிறதே தவிர, சலிப்பின் சாயல்கூட இல்லை.

மற்றது ஆங்கிலத்திலிருந்து வந்த ‘போர்’. ஆங்கிலத்திலேயே அது 18ஆம் நூற்றாண்டில்தான் இப்பொருளில் வழங்கத் தொடங்கியது. அதன் முதலொலியை நாம் ‘பஸ்’ என்பதைப் போல உச்சரிக்கிறோம், ‘பால்’ என்பதைப் போல அன்று. வாக்கிய அமைப்பும் வேறு: ‘உழவர் போரடித்தனர்’ என்பதில் உழவர் எழுவாய்; ‘எனக்குப் போரடிக்கிறது’ என்பதிலோ, ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதைப் போல, உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். வெயிலும் காற்றும் காய்ச்சலும் ‘அடிக்கும்’ மொழியில் இந்த இரவல் பெயரும் ‘அடி’யோடு சேர்ந்து, முழுக்கத் தமிழ் இலக்கணப்படியே நடக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

ஆகவே பேச்சிலும் கதைமாந்தர் உரையாடலிலும் அதை விலக்க வேண்டியதில்லை. கட்டுரையில் மட்டும் தவிர்க்கச் சொல்வேன். தூய்மைக்காக அன்று, அது பல உணர்வுகளை ஒன்றாக்கிவிடுவதால். நெடும்பயணம் முடிந்து வந்தவருக்கு இருப்பது அலுப்பு, அதில் உடலின் களைப்பும் உண்டு. ஒரே கோரிக்கையோடு அலுவலகத்துக்கு நடந்து நடந்து பயன் காணாதவருக்கு வருவது சலிப்பு, அதில் மனம் விட்டுப்போகிறது. இனிப்பை அளவுக்கு மேல் உண்டவருக்கு ஏற்படுவது தெவிட்டல். நல்லதே மிகையாகும்போதுதான் இச்சொல் பொருந்தும். இவற்றுள் எதுவும் இல்லாமல் ஞாயிறு பிற்பகலில் வெறுமனே உட்கார்ந்திருப்பவருக்குப் ‘பொழுது போகவில்லை’ என்பதே போதும்.