சிங்க் பட்டன் இருக்கும்போது காதால் பீட் மேட்ச் செய்யப் பழகத்தான் வேண்டுமா?

கேட்டவரின் கதை இதுதான்: கணினியோடு இணைக்கும் டிஜே கன்ட்ரோலர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, சிங்க்கை அழுத்தினால் இரண்டு பாட்டின் தாளமும் தானாக ஒட்டிக்கொள்கிறது (இதைக் கையால் செய்வதுதான் பீட் மேட்ச்), அப்புறம் எதற்குப் பழைய டிஜேக்கள் 'காது, காது' என்று உயிரை வாங்குகிறார்கள்?

உயிரை வாங்கும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனாலும் சிங்க்கை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். 1970-ஐ ஒட்டி நியூயார்க்கின் சாங்க்சுவரி கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தைச் சேர்த்து ஓட்டினார். இன்று நாங்கள் பூஜை செய்யும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் வந்ததே 1979-ல்தான். 2001-ல் பயோனியர் சிடிஜே-1000 வந்தபோது 'குறுந்தகட்டில் வாசிப்பதெல்லாம் டிஜேயா' என்று மூக்கைச் சுளித்தவர்களே பிறகு அதை வாங்கினார்கள். ஆகவே 'பெரிசு புலம்புகிறது' என்று பின்னூட்டம் போடுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

சிங்க் பாட்டைக் கேட்பதில்லை, கிரிட்டைத்தான் பார்க்கிறது. மென்பொருள் பாட்டை அலசி, பீட் எங்கெங்கே விழுகிறது என்று கோடு போட்டு வைத்திருக்கும். ட்ரம் மெஷினில் செய்த பாட்டுக்கு அந்தக் கோடு அநேகமாகச் சரியாக இருக்கும். ஆள் உட்கார்ந்து ட்ரம்ஸ் அடித்த 1970-களின் டிஸ்கோவில் அப்படி இல்லை. பல்லவி வந்தால் கை தானாகச் சூடு பிடிக்கும், 120-ல் இருந்த வேகம் 121 ஆகும். ஒரு பிபிஎம் (நிமிடத்துக்கு ஒரு பீட்) தானே என்று தோன்றும். ஒரு பீட்டுக்கு 4 மில்லிவிநாடி விலகினால் 16 பீட்டில் 66 மில்லிவிநாடி. அதற்குள் இரண்டு பாட்டின் கிக்கும் (பெரிய ட்ரம்மின் 'டம்' அடி) பிரிந்து, ஆடுதளத்தில் குதிரை ஓடுகிற சத்தம் கேட்கும். திரையில் மட்டும் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

இதற்கு வழி உண்டு. அந்த மாதிரிப் பாட்டின் முடிவில் 16 பீட்டுக்கு ஒரு லூப் (அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடுவது) போட்டுக்கொள்ளுங்கள். லூப் ஒரே வேகத்தில் சுற்றும், அடுத்த பாட்டை அதன்மேல் ஏற்றலாம். இன்னொரு பழைய வியாதி, 174 பிபிஎம் பாட்டை மென்பொருள் பாதியாக, 87 என்று படிப்பது. அது கண்ணிலேயே தெரிந்துவிடும். முதல் பீட்டைத் தவறாகக் குறித்து, கிக் விழ வேண்டிய இடத்தில் ஸ்னேர் (சிறிய ட்ரம்மின் 'டக்' அடி) விழுவதுதான் ஆபத்து. அதைக் காது மட்டுமே பிடிக்கும்.

இனி காதால் எப்படி என்று, இசைத்தட்டு சுழலும் டெக்கை வைத்தே சொல்கிறேன். ஹெட்போன் ஒரு காதில், மறு காது அறைக்கு. வரப்போகும் பாட்டின் முதல் கிக்கைக் கண்டுபிடித்து, தட்டை அதன்மேல் முன்னும் பின்னும் அசைத்துப் பிடியுங்கள். ஓடும் பாட்டில் 32 பீட் கொண்ட ஒரு சுற்று தொடங்கும் இடத்தில் லேசாகத் தள்ளி விடுங்கள். வெறுமனே கையை எடுத்தால் தட்டு வேகம் பிடிப்பதற்குள் பின்தங்கிவிடும். எட்டு பீட் கேளுங்கள். ஹெட்போன் கிக் முந்தினால் தட்டின் ஓரத்தை விரலால் உரசுங்கள். பிந்தினால் நடுக்கம்பியை இரு விரலால் திருகிவிடுங்கள். எது முந்துகிறது என்றே புரியவில்லையா? ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள், இடைவெளி கூடினால் மறுபக்கம்.

புதியவர்கள் அநேகமாக எல்லோரும் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். தள்ளுவது இடத்தைத்தான் சரிசெய்யும், வேகத்தைச் சரிசெய்வது டெக்கில் உள்ள வேக ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் விசை). ஒரே திசையில் இரண்டாவது தடவை தள்ள வேண்டி வந்தால் ஃபேடரைத் தொடுங்கள். 0.1 சதவீதம் தவறினாலும் 30 விநாடியில் 30 மில்லிவிநாடி விலகும், நீளமான மிக்ஸை அது கெடுத்துவிடும். வேகத்தை 6 சதவீதம் ஏற்றினால் சுதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். கீ லாக் பட்டனைப் போட்டால் வேகம் மாறினாலும் சுதி மாறாமல் நிற்கும், ஆனால் அதிகம் இழுத்தால் ட்ரம்ஸ் சத்தம் மழுங்கும்.

அடுத்தது மானிட்டர். மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால் அலட்டல் என்பார்கள். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். பெரிய ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் 29 மில்லிவிநாடி தாமதமாக உங்களிடம் வரும். அதைக் கேட்டு ஹெட்போனைச் சேர்த்தால், நீங்கள் சரி என்று நினைப்பது தளத்தில் பிசகியிருக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், இந்த ஒரு விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். மிக்ஸ் செய்யாத நேரத்தில் மானிட்டரைக் குறைத்துவிடுங்கள். 100 டெசிபலில் ஒரு நாளைக்குப் பாதுகாப்பாக இருக்கக்கூடியது 15 நிமிடம்தான் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு.

சேர்ந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. இரண்டு பாட்டின் பேஸும் (அடிநாத ஒலி) ஒன்றாக ஓடினால் சேறுதான். உள்ளே வரும் பாட்டின் பேஸை முழுக்க இறக்கி வைத்து ஏற்றுங்கள், சுற்று மாறும் பீட்டில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுங்கள். பழைய பதிவுகள் இன்றைய பதிவுகளைவிடச் சன்னமாக இருக்கும். அதை மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் சானல் ஃபேடரில் ஈடுகட்டாமல், மேலே உள்ள கெயின் திருகில் சரிசெய்யுங்கள். மீட்டரில் சிவப்பு எரிந்தால் சத்தம் கூடவில்லை, உடைகிறது. இதெல்லாம் சிங்க் செய்யாது, செய்யும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். முதல் ஆளாக வாசிக்க அழைக்கப்பட்டவர், காலித் தளத்தில் பத்தே பேர் நிற்கும்போது இரவின் உச்சப் பாட்டுகளை 130-ல் அள்ளி இறைப்பது அநியாயம். பின்னால் வருபவர் எங்கிருந்து ஏறுவார்? முதல் ஆளின் வேலை 115-ஐச் சுற்றி, குரல் குறைந்த பாட்டுகளோடு ஆட்களை உள்ளே இழுப்பது. பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்து ஆள் எடுக்கும் அமைப்பாளர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது. சரி, விடுங்கள்.

பழக, திரையில் பிபிஎம் தெரியும் இடத்தைக் காகிதம் ஒட்டி மறையுங்கள். ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் ஏற்றி, ஒன்றின் வேக ஃபேடரைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திவிட்டு, மற்றதைக் காதால் சேருங்கள். கீ லாக்கை எடுத்துவிடுங்கள், சுதி வித்தியாசமும் துப்புக் கொடுக்கும். நெருங்க நெருங்க இரட்டைக் கிக் ஒற்றையாகும். இன்னும் நெருங்கினால் பாட்டு முழுக்க விமானம் கடந்து போவதுபோல் 'உஷ்ஷ்' என்று ஓர் இரைச்சல் சுழலும். அது கேட்டால் இடைவெளி சில மில்லிவிநாடிக்குள் வந்துவிட்டது. அந்த இரைச்சல் ஒரு நிமிடம் கலையாமல் நிற்கும்வரை வேறு பாட்டுக்குப் போகாதீர்கள்.