"உய் சி"ன்னு சேர்ந்த தம்பிக்கு

லாஸ்பேட்டைத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: பாக்ல (ஃபிரெஞ்சு பிளஸ் டூ பரீட்சை) மார்க் கம்மி, ஃபிரான்சுல ஃபாக்ல (யுனிவர்சிட்டி) "உய் சி"ன்னு, அதாவது "சரி, ஆனா ஒரு நிபந்தனை"ன்னு இடம் குடுத்திருக்காங்க, இது டிகிரியில தெரியுமா, குளிருக்கு என்ன வாங்கணும்னு.

டிகிரியில வராது. கோட்டை அங்க போய் வாங்கிக்கோ, பாண்டி ஸ்வெட்டர் நவம்பருக்கே தாங்காது. பேச வேண்டியது வேற.

2018-ல காலேஜ் அட்மிஷனுக்கான பார்க்கூர்சுப் வெப்சைட் வந்தப்ப கூடவே வந்ததுதான் இந்த "சரி, ஆனா". இடம் உண்டு, கூடுதல் வகுப்புக்கு வரணும். சில இடத்துல முதல் வருஷத்தையே ரெண்டா நீட்டுவாங்க. அந்த வகுப்புக்குப் போனா மானம் போயிடும்னு நம்ம பசங்க சிலர் மட்டம் போடுவாங்க. அதுல சொல்லிக்குடுக்கிறதே கட்டுரைக்கு எப்படி பிளான் போடுறதுங்கிறதுதான், மார்க் போறதும் அங்கதான்.

அம்ஃபியில, அதாவது பெரிய லெக்சர் ஹால்ல, நூத்துக்கணக்குல உக்காந்திருப்பாங்க, வந்தியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. தேதேல, அதாவது சின்ன குரூப் வகுப்புல, பேர் கூப்பிடுவாங்க. பூர்ஸ் (ஸ்காலர்ஷிப்) வாங்குறவன் அங்கயும் பரீட்சையிலயும் காணோம்னா, வாங்கின பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க.

அம்ஃபியில எல்லாத்தையும் எழுதப் பாக்காத. தாளோட ஓரத்துல மூணு விரல் அகலம் விட்டுக்கோ. புரியாத இடத்துல அங்க ஒரு கேள்விக்குறி. அன்னிக்குச் சாயங்காலமே பக்கத்துல உக்காந்தவர் நோட்டைப் பாத்து நிரப்பு. ஒரு வாரம் விட்டா அந்தக் கேள்விக்குறி எதுக்குன்னே உனக்குத் தெரியாது.

பாஸ் 20-க்கு 10. ஒண்ணுல 7, அதே கிரெடிட் உள்ள இன்னொண்ணுல 13 வந்தா பெரும்பாலும் சராசரியில தப்பிச்சுடுவ. ஆனா காரணம் காட்டாம பரீட்சைக்குப் போகலன்னா "தெஃபையான்"னு (பரீட்சைக்கு வராதவன்) போட்டு, சராசரியே கணக்குப் பண்ண மாட்டாங்க. மத்ததுல 15 இருந்தும் பிரயோஜனமில்ல. ஒண்ணும் தெரியலன்னாலும் போய் உக்காந்து 4 வாங்கிட்டு வா. காய்ச்சல்னா டாக்டர் சீட்டை எத்தனை நாளுக்குள்ள குடுக்கணும்னு உன் ஃபாக் விதியில பாத்து வெச்சுக்கோ.

பாரிசுக்குப் பக்கத்துல சார்செல்ல இருக்கிற நம்ம ஆளுங்க, "ஃபாக்கெல்லாம் எதுக்கு, வேலைக்கு வா"ம்பாங்க. சொல்தா (ஃபிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) குடும்பத்து வழக்கம், சம்பளமும் பென்ஷனும்தான் கணக்கு. கேட்டுக்கோ, சண்டை போடாத.

ஊர்ல லிசேயில (ஃபிரெஞ்சு ஸ்கூல்) ரெண்டு நாள் வரலன்னா வீட்டுக்கு போன் போயிடும், சாயங்காலம் பீச்சுல உக்காந்திருக்கிற சித்திக்கும் தெரிஞ்சிருக்கும். ஃபாக்ல அது கிடையாது. உன் பிரிவுக்குப் படிப்பு இயக்குநர்னு ஒருத்தர் இருப்பார். தடுமாறுனா முதல் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அக்டோபர்லயே அவருக்கு நாலு வரி மெயில் போட்டுடு.