ஆபீஸ் மெயில்ல கமா எங்க, புல்ஸ்டாப் எங்க

தம்பி, மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (பாமாயில்) ஆலை ஆபீஸ்ல புதுசா சேந்திருக்கீங்க, கேஎல் (கோலாலம்பூர்) ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுதுனா 'வார்த்தையெல்லாம் சரியா இருக்கு, கமா புல்ஸ்டாப் தான் கன்னாபின்னான்னு இருக்கு'ன்னு மேனேஜர் திருப்பி அனுப்புறார், எதுல இருந்து சரி பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. நானும் ஊர்ல இருந்து கல்யாணமாகி இங்க வந்து, தோட்டத்து ஆபீஸ்ல கிராணி (கிளார்க்) வேலை பாக்குறவதான், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல புல்ஸ்டாப். நம்மாளுங்க மெயில்ல நான் அதிகமா பாக்குறது, புல்ஸ்டாப் வைக்க வேண்டிய இடத்துல கமா போட்டு ஓட்டிக்கிட்டே போறது. இதுக்குக் காரணம் நம்ம தமிழ்தான். 'லாரி லேட்டா வந்து, குலை ஏத்த முடியாம போச்சு'ன்னு சொல்லும்போது 'வந்து'ங்கிறது எச்சம், கடைசில ஒரே ஒரு வினைமுற்று, அதனால கமா போதும். அதையே இங்கிலீஷ்ல எழுதும்போது 'தி லாரி கேம் லேட், வீ குட் நாட் லோட் தி பஞ்சஸ்'னு எழுதிடுறோம். அங்க 'கேம்'மும் முற்று, 'குட் நாட் லோட்'டும் முற்று, தனித்தனியா நிக்கிற ரெண்டு வாக்கியம், நடுவுல வெறும் கமா தாங்காது. ஒண்ணு புல்ஸ்டாப் வைங்க, இல்ல கமாவுக்கு அப்புறம் 'ஸோ' போடுங்க, செமிகோலனும் சரிதான். 'ஹவெவர்' வந்தாலும் இதே கதைதான், அதை 'பட்' மாதிரி நினைச்சு கமா போட்டு ஒட்டாதீங்க, அதுக்கு முன்னாடி புல்ஸ்டாப், பின்னாடி கமா. இந்த ஒண்ணைச் சரி பண்ணாலே உங்க மெயில் பாதி சரியாயிடும்.

அடுத்து, கமாவால அர்த்தமே மாறுற இடம். நோட்டீஸ் போர்டுல 'தி டிரைவர்ஸ் ஹூ கேம் லேட் வில் லூஸ் தி அலவன்ஸ்'னு கமா இல்லாம இருந்தா லேட்டா வந்தவங்களுக்கு மட்டும்தான் அலவன்ஸ் கட். அதே வரில 'டிரைவர்ஸ்'க்கு அப்புறம் ஒண்ணு, 'லேட்'டுக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு கமா வைங்க, டிரைவருங்க எல்லாருமே லேட்டா வந்தாங்க, எல்லாருக்குமே கட்னு ஆயிடும். நேரத்துக்கு வந்த மனுசன் அதைப் படிச்சா ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாரா மாட்டாரா? சம்பளம், லீவு சம்பந்தமா எழுதும்போது இதை ரெண்டு தடவை பாத்துட்டு அனுப்புங்க.

அப்பாஸ்ட்ரஃபி, அதான் எழுத்துக்கு மேல வர்ற சின்னக் கொக்கி, பெரிய விஷயமில்ல, பன்மைக்கு அது வேணாம், பல டிரைவருக்கு வெறும் 'எஸ்' போதும். 'இட்ஸ்' எழுதும்போது 'இட் இஸ்'னு விரிச்சுப் படிச்சுப் பாருங்க, பொருந்துனா கொக்கி போடுங்க, இல்லன்னா விட்டுடுங்க. கமாவுக்கு முன்னாடி ஸ்பேஸ் விடாதீங்க, பின்னாடி ஒண்ணு விடுங்க.

ஊர்ல இருந்து வர்றவங்க யாருமே யோசிக்காத ஒண்ணு இருக்கு, அது நம்பர்ல வர்ற கமா. நாம லட்சக் கணக்குல 1,50,000னு எழுதிப் பழகிட்டோம், இங்க 150,000. பன்னிரண்டரை லட்சம்னா 12,50,000 இல்ல, 1,250,000. நம்ம கமாவைப் பாத்தா இங்க உள்ளவங்களுக்கு எங்கயோ ஒரு நம்பர் விட்டுப் போச்சோன்னு சந்தேகம் வரும், வெள்ளிக் கணக்கு (ரிங்கிட் கணக்கு) அனுப்புற ஆபீஸ்ல அது ஆகாது. எக்செல்ல இந்தியா செட்டிங் இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.

பேர் எழுதும்போதும் கவனம் தம்பி, நம்மூர் மாதிரி இனிஷியல் புள்ளி வச்சு சுருக்காதீங்க. இங்க நம்மாளுங்க ஐசில (அடையாள அட்டைல) பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல பெரும்பாலும் 'ஏ'வும் 'எல்'லும் ஒரு சாய்கோடோட இருக்கும், பொம்பளைங்களுக்கு 'எல்'லுக்குப் பதிலா 'பி'. அந்தக் கோட்டையும் விடாம ஐசில உள்ளபடியே ஏத்துங்க, பேர் ஒத்துப் போகலன்னா அப்புறம் அந்த தொழிலாளிதான் ஆபீசுக்கும் பேங்குக்குமா அலையணும்.

வாட்ஸ்அப்ல எப்படி வேணா எழுதுங்க, அங்க யாரும் கேக்க மாட்டாங்க. மேனேஜர் திருப்பி அனுப்புன மெயில்ல ஒண்ணை, ஆளுங்க பேர், கணக்கெல்லாம் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க, வரிவரியா பாத்து எந்த இடம்னு சொல்றேன்.