மகள் கண்டக்டராகப் போகிறாள்

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து 22 வருடமாகிறது. மகளுக்கு 20 வயது. ஐந்து வயதில் வயலின் பிடித்தவள், இப்போது கல்லூரியில் மேற்கத்திய இசை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டாக்டராகவில்லையே என்ற வருத்தத்தை நானும் அவரும் ஒரு வழியாக விழுங்கிவிட்டோம். இப்போது வயலினையும் ஓரமாக வைத்துவிட்டு, "ஆர்கெஸ்ட்ரா கண்டக்டராகப் போகிறேன், ஆபராவும் எழுதுவேன்" என்கிறாள். "ஏதாவது ஒன்றைச் சொல்லு. அதுவும் ஒரு பெண்ணின் கையில் அந்தக் குச்சியை யார் கொடுப்பார்கள்?" என்கிறார் என் கணவர். இரண்டையும் செய்து காட்டிய பெண் யாராவது உண்டா? – பெயர் வேண்டாம், ஈஸ்ட் ஹாம்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் சங்கடத்தில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஊருக்கு போன் போட்டு, "மகள் கண்டக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல தமிழில் "நடத்துநர்" என்றால் அதுவும் நேராக பஸ்ஸில்தான் போய் நிற்கிறது. அதனால் நானும் கண்டக்டர் என்றே எழுதுகிறேன்: கையில் குச்சியோடு முன்னால் நின்று வாத்தியக்காரர்களை ஒன்றாக வாசிக்க வைப்பவர். ஆபரா என்பது பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒருவர் உண்டு. அதுவும் நீங்கள் இருக்கும் லண்டனிலேயே வேர்விட்டவர். பெயர் ஓடலின் டி லா மார்ட்டினெஸ். 1949-இல் கியூபாவின் மட்டான்சாஸில் பிறந்தவர். 1961-இல் கியூபா அரசைக் கவிழ்க்க அமெரிக்கா பின்னாலிருந்து நடத்திய பன்றிகள் விரிகுடாத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்து, டூசான் நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகம், அப்புறம் லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக். அகாடமியில் அவர் படித்தது இசையமைப்பும் பியானோவும்.

1976-இல் இங்ரிட் கல்லிஃபோர்ட் என்ற ஃப்ளூட் கலைஞரோடு சேர்ந்து ஒரு சிறு குழு தொடங்கினார். பெயர் லொன்டானோ. இத்தாலிய மொழியில் 'தொலைவில்' என்று அர்த்தம். கியூபாவிலிருந்து வந்தவருக்குப் பொருத்தமான பெயர்தான். சமகாலத்தவர் எழுதிய புதிய இசை, பெண்கள் எழுதியது, லத்தீன் அமெரிக்க இசை என்று பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அதிகம் தொடாததையெல்லாம் இந்தக் குழு வாசித்தது. முன்னால் நின்று நடத்தியவர் மார்ட்டினெஸ்.

அதற்கு எட்டு வருடம் கழித்து, 1984-இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வருடாவருடம் நடக்கும் ப்ராம்ஸ் இசை விழாவில் ஒரு முழுக் கச்சேரியை நடத்தினார். 1895-இல் தொடங்கிய விழா அது. அதற்கு முன்பும் பெண்கள் அங்கே மேடையேறித் தங்கள் சொந்தப் படைப்பை நடத்தியதுண்டு. ஒரு கச்சேரியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க 89 வருடம் ஆகியிருக்கிறது. அதே விழாவின் கடைசி இரவை ஒரு பெண், மாரின் ஆல்சாப், நடத்தியது 2013-இல்தான். வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, வாசிக்கிற பெண்களையே உறுப்பினராகச் சேர்க்க 1997 வரை காத்திருந்தது. ஆக, உங்கள் கணவர் கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. கொஞ்சம் பழைய கேள்வி, அவ்வளவுதான்.

பத்திரிகைகளுக்கு அந்த 1984 பிடிக்கும், 'முதல் பெண்' என்று தலைப்புப் போடலாமே. என் கணக்கில் முக்கியமான வருடம் 1976. காரணம் சொல்கிறேன்.

வயலினைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணலாம். கண்டக்டருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய வாத்தியம் மனிதர்கள். கண்ணாடி முன்னால் நின்று கை வீசலாம், ஆனால் கண்ணாடி தப்பாக வாசிக்காது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், காய்ச்சலில் படுத்த பாடகர் குழுத் தலைவருக்குப் பதிலாக நான் கை தூக்க வேண்டி வந்தது. பாட்டு மனப்பாடம். ஜம்மென்று கையை இறக்கினேன். பாதிப் பேர் பாடினார்கள், பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். பியானோ வாசித்த பெரியவர்தான் பிறகு சொன்னார்: "நீங்க மூச்சே இழுக்கலையே, அவங்க எப்படி இழுப்பாங்க?" முதல் சுரத்துக்கு முன்னால் கை மேலே எழும் அந்த ஒரு கணத்தில் வேகம், சத்தம், குணம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இதை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்ட்டினெஸ் யாரோ ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்.

இனி, 'ஏதாவது ஒன்று' என்ற விஷயம். இரண்டும் இரண்டு வேலையாகத் தெரிவது வெளியிலிருந்து பார்ப்பதால். பி ஃப்ளாட் கிளாரினெட் என்ற ஊதுவாத்தியத்துக்கு ஸி என்ற சுரத்தை எழுதினால் காதில் விழுவது பி ஃப்ளாட் என்ற வேறு சுரம். இருபது வரி கொண்ட ஒரு பக்கத்தில் இப்படி வெவ்வேறு கணக்கில் எழுதப்பட்ட வாத்தியங்களை ஒரே பார்வையில் படித்து மனதில் கேட்பது கண்டக்டரின் அன்றாட வேலை. எழுதுகிறவருக்கும் அதே காது வேண்டும். வயலின்காரர் சத்தத்தை அடக்கும் ம்யூட்டை மாட்ட, கிளாரினெட்காரர் வாத்தியத்தை மாற்ற எத்தனை நொடி ஆகும் என்பது ஒத்திகையில் நின்றவருக்குத்தான் உறைக்கும். எழுதும்போது அந்த நொடிகளை விட்டு வைப்பார்.

மார்ட்டினெஸ் எழுதிய முதல் ஆபரா 'சிஸ்டர் எய்மி', 1920-களில் வானொலியில் மதப் பிரசங்கம் செய்து அமெரிக்காவையே கலக்கிய எய்மி செம்பிள் மெக்ஃபர்சனைப் பற்றியது. 1984-இல், மார்ட்டினெஸ் படித்த டுலேனிலேயே மேடையேறியது. அதன் பிறகு அடிமை வணிகத்தை வைத்து மூன்று ஆபராக்கள். ஆங்கில எழுத்தாளர் ஆஃப்ரா பென் 1688-இல் எழுதிய கதையில் ஓரமாக நிற்கும் இமோயிண்டா என்ற பெண்ணை நடுவில் கொண்டுவந்து, கிரெனடாவில் பிறந்த ஜோன் அனிம்-அடோ எழுதியதுதான் அந்த வரிசையின் முதல் ஆபராவுக்கு மூலம். மூன்றும் சேர்ந்து மேடையேறியது 2019-இல், மார்ட்டினெஸ் லண்டனில் தானே தொடங்கிய அமெரிக்க இசை விழாவில். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குழு தன்னுடையது, விழா தன்னுடையது. 1992-இல் லோரெல்ட் என்று ஒரு இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கியிருந்தார். ஒரு கதவு திறக்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டுகிற ஆள்.

குச்சி யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஈதல் ஸ்மித் கதையைச் சொல்லாமல் முடியாது. 1858-இல் பிறந்த ஆங்கிலப் பெண். அப்பா ராணுவ ஜெனரல். இசை படிக்க ஜெர்மனி போகக் கூடாது என்றார். மகள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சண்டை போட்டே லைப்சிக் போனார். (உங்கள் வீட்டில் இதுவரை கதவு பூட்டப்படவில்லை என்று நம்புகிறேன்.) அவருடைய 'டெர் வால்ட்' என்ற ஆபரா 1903-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் அரங்கேறியது. அந்த மேடையில் அடுத்த பெண்ணின் ஆபரா வந்தது 2016-இல், கையா சாரியாஹோ எழுதியது. நடுவில் 113 வருடம்.

1906-இல் லைப்சிக்கில் ஸ்மித்தின் 'தி ரெக்கர்ஸ்' மேடையேறியபோது, கண்டக்டர் அவரைக் கேட்காமலே மூன்றாம் அங்கத்தில் நிறைய வெட்டிவிட்டார். முதல் நாள் நல்ல வரவேற்பு. மறுநாள் ஸ்மித் அரங்குக்குள் போய், ஆர்கெஸ்ட்ரா குழியிலிருந்த இசைத்தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு ப்ராக் நகரத்துக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே ஒத்திகை போதாமல் அது வேறு விதமாகச் சொதப்பியது. பிற்காலத்தில் தன் இசையைத் தானே நடத்தவும் செய்தார். 1912-இல் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் ஹாலோவே சிறைக்குப் போனபோது, முற்றத்தில் பாடிக்கொண்டு நடந்த தோழிகளுக்கு ஜன்னலிலிருந்து டூத் பிரஷ்ஷால் தாளம் போட்டார் என்று அவரைப் பார்க்கப் போன கண்டக்டர் தாமஸ் பீச்சம் சொன்ன கதை பிரபலம்.

1994-இல், ஸ்மித் இறந்து ஐம்பதாவது வருடம், அதே 'தி ரெக்கர்ஸ்' ப்ராம்ஸ் விழாவில் ஒலித்தது. நடத்தியவர் மார்ட்டினெஸ். அந்தக் கச்சேரி இசைத்தட்டாகவும் வந்தது. மகள் இன்னும் கேட்டிருக்காவிட்டால் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, சோற்றுக்கு என்ன வழி? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆபரா எழுதி வீட்டுக் கடன் கட்ட முடியாது. கண்டக்டர்களில் பெரும்பாலோருக்கும் மாதச் சம்பளம் கிடையாது, கச்சேரிக்குக் கச்சேரி பணம். ஆரம்ப வருடங்களில் பாடகர் குழு, மாணவர் ஆர்கெஸ்ட்ரா, பாடம் சொல்லித் தருவது, ஆபரா ஒத்திகைகளில் பியானோ வாசிப்பது என்று பல வேலை பார்த்து ஓட்ட வேண்டும். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். ஆபரா நடத்தும் பலர் அந்தப் பியானோ முக்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். உங்கள் மகளின் கை வயலினில் பழகியது, பியானோவையும் தேற்றிக்கொள்ளட்டும். வயலினையும் விற்றுவிட வேண்டாம், அது வருமானம். லண்டன் மோர்லி கல்லூரியில் ஆலிஸ் ஃபார்னம் 2014-இல் பெண்களுக்கென்றே கண்டக்டிங் பயிற்சி தொடங்கினார். அந்த வழியில் இப்போது என்ன வகுப்புகள் நடக்கின்றன என்று மகள் விசாரிக்கலாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். கச்சேரிக்குப் போக வேண்டாம், கச்சேரியில் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். மகள் நண்பர்களைச் சேர்த்து ஒத்திகை பார்க்கும் ஒரு மாலையில் பின்வரிசையில் போய் உட்காரட்டும். "பன்னிரண்டாவது பாரிலிருந்து இன்னொரு தடவை" (பார் என்றால் இசைத்தாளில் ஒரு தாளக் கட்டம்) என்று அவள் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் முனகாமல் வாத்தியத்தை எடுக்கிறார்களா என்று பார்க்கட்டும். எடுத்தார்கள் என்றால் அவருடைய கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். காசு வாங்காமல் வாசிக்கிற பிள்ளைகள். போகும்போது புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். எத்தனை பேர் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ட்ராம்போன்காரர்கள் இருந்தால் இன்னும் அரைப்படி சேர்த்துப் போடுங்கள்.